குருவி என்று சொன்னால் போதுமா?

கோபிசெட்டிபாளையத்துக்கு ஒருமுறைகூடப் போகாதவர்களும் அந்த ஊரைப் பார்த்திருப்பார்கள்... சினிமாவில்! 1980, 90-களில் தமிழ் சினிமாவுக்குப் பச்சை வயல் தேவைப்பட்டால், யூனிட் வண்டிகள் நேராகக் கோபிக்குத்தான் கிளம்பும். பாக்யராஜின் சொந்த ஊரான வெள்ளாங்கோவிலும் அந்தப் பக்கம்தான். பவானி ஆற்றில் கொடிவேரி அணைக்கட்டிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் சுமார் 24,500 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. வரப்பில் கதாநாயகியும் நாயகனும் ஓடிவர, பின்னால் நெற்பயிரிலிருந்து ஒரு குருவிக்கூட்டம் விர்ரென்று எழும்பிப் பறக்கும். நாம் நாயகியைப் பார்த்துக்கொண்டிருப்போம். குருவியை யார் பார்த்தார்கள்?

இப்போது பார்ப்போம். அது என்ன குருவி?

வயல்காரரைக் கேட்டால், ''நெல்லுத் திங்கற குருவிங்க!'' என்பார். அவர் கவலை அவருக்கு. தகர டப்பாவைத் தட்டி விரட்டவே நேரம் சரியாக இருக்கும். ஆனால், அந்த அவசர பதிலிலும் ஒரு முறை ஒளிந்திருக்கிறது. பறவையை அது தின்னும் இரையை வைத்து அடையாளம் சொல்கிறார் அவர்.

நம் பறவைப் பெயர்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மீன்கொத்தி, தேன்சிட்டு, தினைக்குருவி... இவையெல்லாம் சாப்பாட்டை வைத்து வந்த பெயர்கள். கரிச்சான், செம்போத்து... நிறத்தை வைத்து. அக்காக்குயில்... கத்துகிற சத்தத்தை வைத்து. ஆள் வருவதைக் கத்திக் காட்டிக்கொடுப்பது ஆள்காட்டி. வாலை ஆட்டினால் வாலாட்டி, கூட்டைத் தொங்கவிட்டால் தூக்கணாங்குருவி! புத்தகமோ பைனாகுலரோ இல்லாத காலத்தில், பெயரையே கையேடாக வைத்துக்கொண்டார்கள் நம் ஆட்கள்.

நிறம், இரை, குரல். இன்றைக்கும் உலகம் முழுக்கப் பறவை பார்க்கிறவர்கள் முதலில் கவனிப்பது இந்த மூன்றையும்தான். சிக்கல் என்னவென்றால், மூன்றில் எதுவும் தனியாக நின்று உண்மையைச் சொல்லாது. ஒன்றை மட்டும் நம்பி அவசரப்பட்டவர்களின் கதை, சரித்திரத்தில் சில இடங்களில் வேடிக்கையாகவும் சில இடங்களில் பயங்கரமாகவும் முடிந்திருக்கிறது.

அந்தக் கதைக்கு நமக்கொரு கதாநாயகன் வேண்டும். ஐரோப்பாவில் பிறந்து, நம் நாட்டுச் சோளக்காட்டுக்கு வந்து போகும் ஒரு சின்னப் பறவையை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இந்த வகைப் பறவைகளை 'பண்ட்டிங்' என்கிறார்கள். பார்க்க நம்ம சிட்டுக்குருவி போலத்தான் இருக்கும். தானியம் உடைப்பதற்கு ஏற்ற கூம்பு அலகு. ஆனால் வால் கொஞ்சம் நீளம். அலகின் மேல்பாதி சிறுத்தும் கீழ்பாதி பருத்தும் இருக்கும். நம் ஆள், இந்தக் குடும்பத்தில் 'கருந்தலை பண்ட்டிங்'. ஆண் பறவைக்குத் தலை கன்னங்கரேல். அடிப்பக்கம் முழுக்க மஞ்சள். முதுகு செம்பழுப்பு. கறுப்புத் தொப்பி போட்டு மஞ்சள் சட்டை மாட்டிய மாதிரி! பெண் பறவையோ வெளிறிய பழுப்பு. கூட்டத்தில் நின்றால் கண்டுகொள்வது கஷ்டம்.

விஞ்ஞானத்துக்காக இதற்கு முதலில் பெயர் வைத்தவர் ஒரு சுரங்கத்து டாக்டர். பெயர் ஸ்கோப்போலி. இன்றைய ஸ்லோவேனியாவில் இட்ரியா என்ற ஊரில் பெரிய பாதரசச் சுரங்கம் இருந்தது. பாதரச விஷம் ஏறிய தொழிலாளிகளுக்கு அங்கே வைத்தியம் பார்த்தவர் அவர். மிச்ச நேரத்தில் செடி, பூச்சி, பறவை என்று எழுதிக் குவித்தார். 1769-ல் இந்தப் பறவைக்கு 'மெலனோசெஃபாலா' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் அதற்கு 'கருந்தலை' என்றுதான் அர்த்தம். பார்த்தீர்களா... கரிச்சானுக்குப் பெயர் வைத்த நம் தாத்தாவும் ஸ்கோப்போலியும் ஒரே வழியில்தான் போயிருக்கிறார்கள்!

கிரீஸ், பால்கன் நாடுகள், துருக்கி, ஈரான் என்று கோடையில் குஞ்சு பொரிக்கிறது இந்தப் பறவை. ஐரோப்பாவின் பல பறவைகள் குளிருக்குப் பயந்து தெற்கே ஆப்பிரிக்காவுக்குப் பறக்கும். இதுவோ கிழக்கே திரும்பி இந்தியாவுக்கு வருகிறது. செப்டம்பர், அக்டோபரில் குஜராத், மகாராஷ்டிரா, வட கர்நாடகா பக்கத்துச் சோளக்காடுகளிலும் கோதுமை வயல்களிலும் பெருங்கூட்டமாக இறங்கும். மார்ச், ஏப்ரலில் மூட்டை கட்டும். கொங்கு நாடுவரை வருவது அபூர்வம்.

கிளம்பும் தேதி அதற்கு எப்படித் தெரிகிறது? பனாரஸ், லக்னோ பல்கலைக்கழகங்களில் பல ஆண்டுகள் இதைக் கூண்டில் வைத்து ஆராய்ந்தார்கள். பகல் நீளம்தான் அதன் காலண்டர்! விளக்குப் போட்டு, செயற்கையாகப் பகலை நீட்டினால், பறவை கோடை வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு உடம்பில் கொழுப்பைச் சேர்க்கிறது. பயணம் போகவேண்டிய காலத்தில் ராத்திரியெல்லாம் தூங்காமல் கூண்டுக்குள் படபடக்கிறது. ஐரோப்பாவில் பெயர் வாங்கிய பறவையின் உள்கடிகாரத்தைத் திறந்து பார்த்தவர்களில் நம் நாட்டு விஞ்ஞானிகளுக்கு முக்கிய இடம் உண்டு.

சரி, முதல் அடையாளமான நிறத்துக்கு வருவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறவையை அடையாளம் காண ஒரே வழிதான் இருந்தது. சுடு! கையில் எடுத்து, சிறகைப் பிரித்து, அளந்து, தோலை உரித்துப் பஞ்சு அடைத்துப் பெட்டியில் வை! பைனாகுலர் பரவாத காலம். வேறு வழி தெரியவில்லை. 1836-ல் சென்னை மாகாணத்துக்கு ராணுவ டாக்டராக வந்த தாமஸ் ஜெர்டன், தென்னிந்தியா முழுக்க அலைந்து இப்படித்தான் சேகரித்தார். ஆனால் அவர் இன்னொன்றும் செய்தார். உள்ளூர் ஆட்களிடம் 'இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?' என்று கேட்டு, தமிழ், தெலுங்குப் பெயர்களையும் எழுதி வைத்தார். 1862-64 ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய 'இந்தியப் பறவைகள்' நூல், அடுத்து வந்தவர்களுக்கெல்லாம் ஆதாரமாக இருந்தது.

அவருக்குப் பிறகு வந்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். ஆமாம், 1885-ல் காங்கிரஸ் கட்சி பிறக்கக் காரணமாக இருந்த அதே ஹியூம்தான்! சிம்லாவில் தன் வீட்டையே பறவை மியூசியமாக மாற்றியவர். பல வருஷம் எழுதிவைத்த கையெழுத்துப் பிரதிகளை, அவர் ஊரில் இல்லாத நேரத்தில் வேலைக்காரர் ஒருவர் பழைய பேப்பராக பஜாரில் போட்டுவிட்டார். மனம் உடைந்துபோன ஹியூம், சேகரித்த பறவை உடல்கள், முட்டைகள் என்று சுமார் 82,000 மாதிரிகளை லண்டன் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார்.

இத்தனை உடல்களைச் சேர்த்துவைத்தும் நிறம் ஏமாற்றியது. எப்படி என்கிறீர்களா?

கருந்தலைக்கு ஒரு பங்காளி உண்டு. பெயர் செந்தலை பண்ட்டிங். 1841-ல் பிராண்ட் என்பவர் பெயர் வைத்தது. மத்திய ஆசியாவில் குஞ்சு பொரித்து, இதுவும் குளிருக்கு இந்தியாவுக்கே வருகிறது. அதே சோளக்காடு, அதே தானியம், அதே கூட்டம். ஆண்களைப் பிரித்துச் சொல்லிவிடலாம். இதற்கு முகமும் மார்பும் செம்பழுப்பு. பெண்களைப் பிரிப்பதில் பழம் தின்று கொட்டை போட்டவர்களே தடுமாறுவார்கள். போதாக்குறைக்கு, வடக்கு ஈரானில் காஸ்பியன் கடல் பக்கம் இரண்டு இனமும் கலந்து குடும்பம் நடத்துகின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன பெயர் வைப்பது?

இன்னொரு கூத்தும் நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், செந்தலைகளை வலைபோட்டுப் பிடித்து, இந்தியாவிலிருந்து கூண்டோடு ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள். அங்கே சில தப்பித்துப் பறந்தன. பிரிட்டனில் ஏதாவது ஒரு வயலில் செந்தலை பண்ட்டிங் தென்பட்டதும், பறவை பார்ப்பவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு ஓடினார்கள். பிறகு ஒரு சந்தேகம். 'இது ஆசியாவிலிருந்து தானாகப் பறந்து வந்ததா, பக்கத்துத் தெருக் கூண்டிலிருந்து தப்பி வந்ததா?' இறகு அதைச் சொல்லவில்லை. கடைசிவரை தீர்மானிக்க முடியாமல், பிரிட்டனின் அதிகாரபூர்வப் பறவைப் பட்டியலில் செந்தலைக்கு இடம் கொடுக்கவே இல்லை. 1990-91-ல் உள்நாட்டுப் பறவை வியாபாரத்தை இந்தியா மொத்தமாகத் தடைசெய்தது. சட்டம் இருந்தும் சந்தைகளில் கூண்டுகள் இன்னும் முழுசாகக் காலியாகவில்லை என்பது வேறு சோகம்.

அடுத்து இரை. வயிற்றுக்குள் என்ன இருக்கிறது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய விவசாய இலாகாவுக்கு இந்தக் கேள்வி வந்தது. விவசாயிக்கு எந்தப் பறவை நண்பன், எது எதிரி? பீகாரில் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் மேசன் என்ற அதிகாரி, பறவைகளின் இரைப்பையைப் பிரித்து, உள்ளே இருக்கும் நெல், விதை, புழு, வண்டு என்று ஒவ்வொன்றாக எண்ணினார். பூச்சியியல் நிபுணர் மேக்ஸ்வெல் லெஃப்ராயோடு சேர்ந்து 1912-ல் அறிக்கை வெளியிட்டார். ஒரு குருவியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன் சாட்சிகளை வரிசையாக விசாரித்த மாதிரி.

இந்த மாதிரி விசாரணையில் தெரியவந்த பெரிய உண்மை இதுதான். தானியம் தின்னும் பல பறவைகள், குஞ்சுகளுக்கு அதை ஊட்டுவதில்லை. வளரும் குஞ்சுக்குப் புரதம் வேண்டும். அதனால் புழு, பூச்சிகளை அலகு நிறையக் கவ்விக்கொண்டு போகின்றன. நம் கருந்தலையும் அப்படித்தான். இந்தியச் சோளக்காட்டில் அதைப் பார்க்கிறவருக்குத் தானியத் திருடன். கிரீஸில் குஞ்சு பொரிக்கும்போது பார்க்கிறவருக்குப் பூச்சி ஒழிக்கும் வேலையாள். பாதி வருஷம் மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதினால் என்ன ஆகும்?

சீனாவில் என்ன ஆயிற்று என்று பாருங்கள். 1958-ல் மாவோவின் அரசு எலி, ஈ, கொசு, சிட்டுக்குருவி ஆகிய நாலையும் ஒழிக்க உத்தரவு போட்டது. ஊர் ஊராக ஜனங்கள் சட்டி, தகரம், மேளம் என்று கையில் கிடைத்ததைத் தட்டினார்கள். உட்கார இடமில்லாமல் பறந்து பறந்து களைத்து, குருவிகள் செத்து விழுந்தன. கோடிக்கணக்கில்! பறவையியல் அறிஞர் செங் ஸோ-ஸின் போன்றவர்கள், 'குருவி தானியம் மட்டும் தின்னவில்லை. பூச்சியும் தின்கிறது' என்று எடுத்துச் சொன்னார்கள். 1960-ல் பட்டியலில் இருந்து குருவியின் பெயரை எடுத்துவிட்டு, மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. 1959 முதல் 61 வரை சீனாவைத் தாக்கிய பஞ்சத்தில் கோடிக்கணக்கான மக்கள் இறந்தார்கள். அரசின் கொள்முதல் கெடுபிடி, தப்பும் தவறுமான விவசாயத் திட்டங்கள் என்று அதற்குப் பெரிய காரணங்கள் பல உண்டு. குருவி போனபின் பெருகிய பூச்சிகளுக்கும் அதில் பங்கிருந்தது.

பண்ட்டிங் குடும்பத்திலேயே ஒரு சோகக் கதை உண்டு. மஞ்சள்மார்பு பண்ட்டிங் என்று ஒன்று. ஒரு காலத்தில் ஃபின்லாந்து தொடங்கி ஜப்பான் வரைக்கும் குஞ்சு பொரித்த பறவை. குளிர்காலத்தில் தென்கிழக்கு ஆசிய நெல்வயல்களுக்கு வரும். நம் வடகிழக்கு மாநிலங்களுக்கும் வரும். சீனாவில் இதன் பெயர், நெற்பூக் குருவி. கேட்கவே அழகாக இருக்கிறது, இல்லையா? ஆனால், அந்தப் பெயரோடு தட்டில் வந்தது! சத்துக்கு நல்லது என்று நம்பி வலைபோட்டுப் பிடித்துச் சாப்பிட்டார்கள். 1997-ல் சீனா தடை போட்டும் கள்ளத்தனமாகத் தொடர்ந்தது. 1980-க்கும் 2013-க்கும் இடையில் உலகத்தில் இருந்த இந்தப் பறவைகளில் பத்தில் ஒன்பது காணாமல் போய்விட்டதாகக் கணக்கிட்டார்கள். 2004 வரைக்கும் 'கவலை இல்லை' பட்டியலில் இருந்த பறவை, 2017-ல் 'அழிவின் விளிம்பில்' என்ற பட்டியலுக்கு வந்துவிட்டது. 'நெல்லுத் தின்கிற குருவிதானே, எங்கேயும் கிடைக்குமே' என்ற நினைப்புக்குக் கிடைத்த பரிசு.

மூன்றாவது, குரல்.

பண்ட்டிங் குடும்பத்தில் ஐரோப்பியர்களுக்கு ரொம்பச் செல்லமானது 'எல்லோஹாமர்' என்ற மஞ்சள் குருவி. ஒரே சுருதியில் சின்னச் சின்னத் துணுக்காக வேகமாகப் பாடி, கடைசியில் ஒரு நீண்ட இழுப்பு. ஆங்கிலேயர்கள் அதைக் கேட்டு, 'கொஞ்சம் ரொட்டி கொடு, பாலாடைக்கட்டி வேண்டாம்' என்று பாடுவதாக அர்த்தம் கற்பித்துக்கொண்டார்கள். நாம் 'அக்கா... அக்கா' என்று கேட்டது போல! பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி 1808-ல் வியன்னாவில் அரங்கேறியது. 'ட-ட-ட-டா...' என்று தொடங்குமே, அந்த நாலு ஸ்வரமும் வியன்னா பூங்காவில் இந்தக் குருவி பாடியதைக் கேட்டுப் பிறந்தது என்று பீத்தோவனின் மாணவர் செர்னி சொல்லியிருக்கிறார். உண்மையோ, கட்டுக்கதையோ... அந்தக் குருவியின் பாட்டைக் கேட்டவர்களுக்கு, நம்பத் தோன்றும்.

1860, 70-களில் இந்தக் குருவியை இங்கிலாந்திலிருந்து கப்பலில் ஏற்றி நியூசிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். பூச்சியை ஒழிக்கும் என்ற கணக்கு. அங்கே போனதும் அது விதையையும் தானியத்தையும் தின்ன, 'ஐயோ, திருடனையா கூட்டிவந்தோம்!' என்று விவசாயிகள் விஷம் வைக்க ஆரம்பித்தார்கள். இங்கேயும் பாதி உணவை மட்டும் பார்த்துவிட்டு எடுத்த முடிவு! குருவி அசரவில்லை. பல்கிப் பெருகியது. இங்கிலாந்தில் நிலைமை நேர்மாறு. விவசாயம் மாறி, வேலிப்புதர்கள் குறைந்து, 1970-களுக்குப் பிறகு பாதிக்குமேல் அழிந்தது.

இந்தக் குருவிக்கு ஊருக்கு ஊர் வட்டார வழக்கு உண்டு. கோயம்புத்தூர்த் தமிழும் திருநெல்வேலித் தமிழும் மாதிரி, கடைசி இழுப்பு இடத்துக்கு இடம் மாறும். 2010-களில் செக் நாட்டு ஆய்வாளர்கள் பொதுமக்கள் உதவியோடு இரண்டு நாட்டுக் குருவிகளின் பாட்டையும் பதிவு செய்து ஒப்பிட்டார்கள். இங்கிலாந்தில் இன்று கேட்க முடியாத சில வழக்குகள், நியூசிலாந்தில் உயிரோடு இருந்தன! தாய்நாட்டில் பறவை குறையக் குறைய, அதன் பேச்சும் சேர்ந்து அழிந்திருக்கலாம் என்கிறார்கள். நாம் மறந்துபோன பழைய தமிழ்ச் சொற்கள் சில யாழ்ப்பாணத்தில் இன்னும் பேச்சில் இருப்பதுபோலத்தான் இதுவும்.

துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்து கவனித்தால் எவ்வளவு தெரியும் என்பதை நம் நாட்டுக்குக் காட்டியவர் சாலிம் அலி. சிறுவனாக ஒரு குருவியைச் சுட்டுவிட்டு, 'இது என்ன குருவி?' என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாசலுக்குப் போனவர் அவர். 1930-ல் வேலை இல்லாமல் பம்பாய்க்கு அருகே கிஹிம் கிராமத்தில் இருந்தபோது, தூக்கணாங்குருவிக் கூட்டத்தை மாசக்கணக்கில் கவனித்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டிவைக்கும். பெண் வந்து உள்ளே புகுந்து பார்க்கும். பிடித்தால்தான் குடித்தனம். அதன் பிறகு ஆண், கூட்டைக் கட்டி முடித்துவிட்டு, அடுத்த கூடு, அடுத்த துணை என்று கிளம்பிவிடும். எத்தனை ஆயிரம் தோலை உரித்திருந்தாலும் இது தெரிந்திருக்காது. அவர் பெயரில் 1990-ல் நம் கோவை ஆனைகட்டியில் ஒரு பறவையியல் ஆய்வு மையமே தொடங்கினார்கள்.

கோபி வயலில் எழும்பிய அந்தக் கூட்டம் பெரும்பாலும் தூக்கணாங்குருவியாக இருக்கும். அல்லது தினைக்குருவியாக இருக்கும். மழைக்காலத்தில் ஆண் தூக்கணாங்குருவிக்குத் தலையும் மார்பும் மஞ்சள். முகத்தில் கறுப்பு. அப்போது யாரும் கண்டுபிடித்துவிடலாம். சீசன் முடிந்தால் ஆணும் பெண்ணும் பழுப்புக் கோடு போட்ட சாதாரணக் குருவிகள். சிட்டுக்குருவி என்று சொல்லலாம், வழிதவறி வந்த பண்ட்டிங் என்றுகூடச் சொல்லிவிடலாம். அப்போது வால் கட்டையா, நீளமா என்று பாருங்கள். அலகைப் பாருங்கள். எதைத் தின்கிறது, குஞ்சுக்கு எதை ஊட்டுகிறது என்று பாருங்கள். பனைமரத்துப் பக்கம் கிச்சுக்கிச்சென்று கூட்டமாகச் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுங்கள். மூன்றையும் கவனித்த பிறகு பெயர் சொல்லுங்கள். அது வயல்காரருக்கு எவ்வளவு நஷ்டம் வைக்கிறது, எவ்வளவு பூச்சியைத் தின்று கழிக்கிறது என்ற கணக்கையும் அதற்குப் பிறகு போடலாம். நஷ்டம் நிஜம்தான். அவர் டப்பா தட்டுவதில் தப்பில்லை. விரட்டுவதோடு நிற்கிறாரே, அதுதான் பெரிய விஷயம்.

கோபியிலிருந்து ஈரோடு வந்து, இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் வெள்ளோடு. 1996 முதல் பறவைகள் சரணாலயம். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஏரி. வடகிழக்குப் பருவமழை சமயத்தில் பறவைகள் வந்து கூடு கட்டும். சரியாக அப்போதுதான் தீபாவளியும் வரும். ஏரியைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பல வருஷமாகப் பட்டாசு வெடிப்பதில்லை. பிள்ளைகளுக்குப் புதுத்துணி, பலகாரம், சத்தம் போடாத மத்தாப்பு. அவ்வளவுதான்!

எந்தப் பறவை எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால், முட்டை மேல் உட்கார்ந்திருக்கும் பறவை, வெடிச் சத்தத்துக்குப் பயந்து எழுந்து பறந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.